வலையில் விழுந்தது இடுக்கிவால் பூச்சியா, தேள் ஈயா?

கேள்வி: அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் வசிக்கிறோம். காட்டு ஓடையருகே கட்டிய மலேஸ் வலையின் (பறக்கும் பூச்சிகளைப் பிடிக்கும் கூடாரம் போன்ற வலை) ஆல்கஹால் புட்டியில், வாலில் இடுக்கியும் முதுகில் அகன்ற இறக்கையும் கொண்ட மஞ்சள் கலந்த பழுப்புப் பூச்சி ஒன்று கிடைத்தது. இது இயர்விக்தானா? எப்படிப் பாதுகாப்பது?

பதில்: முதலில் இறக்கையைப் பாருங்கள். இயர்விக் என்னும் இடுக்கிவால் பூச்சிக்கு முன்னிறக்கை தோல்போலத் தடித்து, குட்டையாக இருக்கும். உங்களுடையதில் நான்கு இறக்கைகளும் மெல்லிய சவ்வாக, வலைப்பின்னல்போல நரம்போடி, வயிற்றின்மேல் தட்டையாகப் படிந்திருந்தால் அது மெரோப்பிடே குடும்பம். தேள் ஈக்கள் எனப்படும் பூச்சி வரிசையில் மிகச் சிறிய குடும்பங்களில் ஒன்று. இன்று உயிரோடு இருப்பதாக அறியப்பட்டவை மூன்றே இனங்கள். ஒன்று மேற்கு ஆஸ்திரேலியாவில், ஒன்று பிரேசிலில் (2013இல்தான் பெயரிட்டார்கள்). உங்கள் பகுதியில் இருப்பது மெரோப் டியூபர், 1838இல் விவரிக்கப்பட்டது.

சந்தேகம் தீர இடுக்கியை லென்ஸ் வைத்துப் பாருங்கள். இயர்விக்கின் இடுக்கியில் ஒவ்வொரு கையும் ஒரே துண்டு. மெரோப்பில் ஒவ்வொரு கையும் இரண்டு கணுக்களாக மடங்கும். அது ஆணின் இனப்பெருக்க உறுப்பு நீண்டு வளர்ந்த வடிவம். பெண்ணுக்கு இடுக்கியே கிடையாது. அதனால்தான் பெண் பூச்சி கையில் கிடைத்தும் பலர் கரப்பான் குஞ்சு என்று ஒதுக்கிவிடுகிறார்கள். தயவுசெய்து உடல் தட்டையாக, கண் சிறுநீரக வடிவில் உள்ள எதையும் கொட்டிவிடாதீர்கள். மற்றத் தேள் ஈக்களின் அலகு போன்ற நீண்ட முகத்தைத் தேடவும் வேண்டாம். இதன் முகம் குட்டை, மேலிருந்து பார்த்தால் தலையே பாதி மறைந்திருக்கும்.

ஊசி குத்தி உலர்த்தாதீர்கள். உடல் மென்மையானது, காய்ந்தால் வயிறு சுருங்கி அடையாளம் போய்விடும். 95 சதவீத எத்தனாலில் போடுங்கள். புட்டியில் வேறு பூச்சிகளும் நிறையக் கிடந்தால் அவற்றின் உடல்நீர் ஆல்கஹாலை நீர்க்கச் செய்யும். மறுநாளே புதிதாக மாற்றிவிடுங்கள். டிஎன்ஏ வீணாவது பெரும்பாலும் இந்தச் சோம்பலில்தான். இடுக்கியைப் பிடித்துத் தூக்காதீர்கள், கணுவில் ஒடியும். இடம், வலை இருந்த தேதிகள், எடுத்தவர் பெயர் ஆகியவற்றைப் பென்சிலில் எழுதிப் புட்டிக்குள்ளேயே போடுங்கள். பேனா மை கரையும்.

உயிரோடு பெண் கிடைத்தால் அது இன்னும் பெரிய வாய்ப்பு. மெரோப்பின் புழுப்பருவம் அறிவியலுக்கு எட்டாமலே இருக்கிறது. ஈரமான இலைமக்கும் மண்ணும் இட்ட டப்பாவில், இருட்டில் வையுங்கள். இரவில் நடமாடும் பூச்சி. முட்டை தென்பட்டால் தொடாமல், அளவுகோலோடு படமெடுத்து, அருகிலுள்ள பல்கலைக்கழகப் பூச்சியியல் துறைக்கு அன்றே தெரிவியுங்கள்.