நல்ல பிள்ளைகளின் நகைச்சுவை – கடிதம்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

வணக்கம். உங்கள் தளத்தைச் சில ஆண்டுகளாக வாசித்துவருகிறேன். கடிதம் எழுதுவது இதுதான் முதல் முறை.

என் மகனுக்குப் பதினாறு வயது. ஆட்டிசம். பேச்சு உண்டு, ஆனால் தனக்கு வேண்டியதை மட்டும்தான் பேசுவான். ஆமிர் கானின் 'சிதாரே ஜமீன் பர்' வந்தபோது எல்லோரும் "நீங்க கட்டாயம் பாக்கணும்" என்றார்கள். தியேட்டர் சத்தத்தை அவன் தாங்கமாட்டான். யூடியூபில் நூறு ரூபாய்க்கு வந்ததும் வீட்டிலேயே போட்டோம். விசில் சத்தம் கேட்டதும் அவன் காதைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டான். என் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கு மட்டும் ஒரே எரிச்சல். பாதியில் எழுந்துவிட்டேன். "உங்களுக்கு எதைப் பாத்தாலும் கோவம்" என்றாள்.

மறுநாள் என் மைத்துனர் போன் செய்து, "மச்சான், இந்தப் பிள்ளைங்கள்லாம் தெய்வம். நமக்குத்தான் பாடம் எடுக்கிறாங்க" என்றார். என்ன சொல்வதென்று தெரியாமல் வைத்துவிட்டேன்.

ஆட்டிசத்தை வைத்து காமெடிப் படம் எடுக்கலாமா? இல்லை, நான்தான் தொட்டால்சிணுங்கியாகிவிட்டேனா?

ஆர்., கோவை

அன்புள்ள ஆர்.,

எடுக்கலாம். நிறைய எடுக்க வேண்டும் என்றுகூடச் சொல்வேன். ஆட்டிசம் என்றாலே பின்னணியில் வயலின் அழும் படங்களைப் போதும் போதும் என்கிற அளவுக்குப் பார்த்தாகிவிட்டது. உங்கள் மனைவி சிரித்ததில் ஒரு தவறும் இல்லை. உங்கள் எரிச்சலும் எனக்குப் புரிகிறது, ஆனால் அதைச் சிரிப்பின்மேல் காட்டியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அந்தப் படத்தில் என்னை உறுத்தியது அதன் நல்லதனம்.

பார்க்காதவர்களுக்காகக் கதை. கூடைப்பந்து உதவிப் பயிற்சியாளர் குல்ஷன் குடித்துவிட்டு வண்டி ஓட்டி மாட்டிக்கொள்கிறார். அறிவுவளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களின் அணி ஒன்றுக்கு மூன்று மாதம் பயிற்சி கொடு என்று நீதிமன்றம் சொல்கிறது. 'பைத்தியங்களுக்கா நான் சொல்லித்தருவது' என்று முகம் சுளித்தபடி போகிறவர் ஒழுங்கான மனுஷனாகத் திரும்புகிறார். 2018இல் ஸ்பெயினில் ஹாவியேர் ஃபெஸ்ஸர் எடுத்த 'காம்பியோனெஸ்' படத்தின் இந்தி வடிவம் இது. ஹாலிவுட்காரர்களும் 2023இல் உட்டி ஹாரல்சனை வைத்து எடுத்தார்கள்.

இந்தியில் இயக்கியவர் நம்மூர் ஆர்.எஸ். பிரசன்னா. 2013இல் 'கல்யாண சமையல் சாதம்' எடுத்தவர். கல்யாணம் நெருங்கும் நேரத்தில் மாப்பிள்ளைக்கு வந்துவிட்ட படுக்கையறைச் சிக்கலை, குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கும்படி காமெடியாக்கிக் காட்டினார். நாலு சுவருக்குள் குசுகுசுவென்று பேசுவதைக் கூடத்தில் கொண்டுவந்து போட்டுச் சிரிக்கவைப்பதில் அவருக்குக் கை பழகியிருக்கிறது. இந்தப் படத்திலும் அது தெரிகிறது. அணியில் இருக்கும் பத்துப் பேருமே நிஜ வாழ்வில் டௌன் சிண்ட்ரோம், ஆட்டிசம் போன்றவை உள்ளவர்கள். வசனத்தை எங்கே நிறுத்த வேண்டும், எப்போது திரும்பிப் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. பல இடங்களில் ஆமிர் கான் அவர்களுக்குப் பந்து எடுத்துக்கொடுக்கும் ஆள்தான்.

இது சின்ன விஷயமில்லை. இதுவரை நட்சத்திரங்கள்தான் ஆட்டிசத்தைச் 'செய்து காட்டி' விருது வாங்கினார்கள். 'பர்ஃபி'யில் பிரியங்கா சோப்ரா, அதற்கெல்லாம் முன்னால் 1988இல் 'ரெயின் மே'னில் டஸ்டின் ஹாஃப்மன். ரெயின் மேன் பாத்திரத்துக்குத் தூண்டுதலாக இருந்த கிம் பீக்குக்கு ஆட்டிசமே இல்லை என்று பிற்பாடு சொன்னார்கள். அது யாருக்கும் நினைவில் இல்லை. அந்தப் படம் வந்ததிலிருந்து, "உங்க பையன் கணக்குல புலியா?" என்று கேட்கும் மாமாக்கள் மட்டும் பெருகிவிட்டார்கள். உங்களிடமும் நாலு பேராவது கேட்டிருப்பார்கள்.

சரி, நல்லதனத்துக்கு வருகிறேன். படத்தில் குட்டு என்று ஒருவன். தண்ணீர் என்றால் பயம், குளிக்கமாட்டான், பக்கத்தில் நிற்க முடியாது. பிராணிகள்மேல் கொள்ளைப் பிரியம். ஒரு எலியை முன்னிட்டு அவனைக் குளிக்கவைத்துவிடுகிறார் பயிற்சியாளர். அழகான காட்சி, நானும் சிரித்தேன். ஆனால் குளியல் உங்கள் வீட்டில் எப்படி நடக்கிறது? தலையில் விழும் தண்ணீர் சில பிள்ளைகளுக்கு ஊசி குத்துகிற மாதிரி இருக்கும் என்கிறார்கள். அந்த வாளி, அந்த மக், அந்தத் துண்டு, அதே வரிசை என்று ஒரு ஒழுங்கு வேண்டும். அம்மா ஊருக்குப் போய் அப்பா ஊற்றினால் அன்றைக்கு ரணகளம். மாதக்கணக்கில் ஓ.டி. (அன்றாட வேலைகளுக்குப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபி) கொடுத்தும் முன்னே பின்னே போய் வரும். படத்தில் எலி ஒரு தடவை வந்தது, பயம் போயே போச்சு. லிஃப்ட்டுக்குப் பயப்படும் குல்ஷனின் பயமும் இதே மாதிரிதான் தெளிகிறது. அது நாயகன் கணக்கு, போகட்டும். இந்த எலியைப் பார்த்துவிட்டு நாளைக்கு உங்கள் வீட்டுக்கு யோசனை சொல்ல ஆள் வருவார்களே, அதுதான் என் கவலை.

இன்னொன்று. அந்தப் பத்துப் பேரில் ஒருவராவது அல்பமாக, கஞ்சத்தனமாக, பிடிவாதத்தில் எதிராளியை நோகடிப்பவராக இருக்கிறாரா? துடுக்காகப் பேசுவார்கள், கிண்டல் செய்வார்கள், கடைசியில் எல்லோரும் தங்கம். இறுதிப் போட்டியில் தோற்றும் துள்ளிக் குதித்து ஜெயித்தவர்களைக் கட்டிக்கொள்கிறார்கள். தோற்றதற்காக ஒருவன் பந்தைத் தூக்கி எறிந்து, தரையில் உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டு ஊளையிட்டிருந்தால் நான் அந்தப் படத்தை இன்னும் கொஞ்சம் நம்பியிருப்பேன். ஆனால் அப்படி ஒருவன் இருந்தால் குல்ஷன் திருந்த முடியாது. அவரைத் திருத்துவதுதான் பத்துப் பேருக்கும் கதையில் கொடுத்திருக்கும் வேலை.

ஸ்பானிய மூலத்திலும் இதே கோளாறு உண்டு. ஆனால் அந்த ஊர்க்காரர்கள் அந்தப் படத்தைப் பார்க்கும்போது மனதில் வேறொன்றும் ஓடியிருக்கும். 2000ஆம் ஆண்டு சிட்னி பாராலிம்பிக்கில் அறிவுவளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்கான கூடைப்பந்தில் தங்கம் வென்றது ஸ்பெயின். பிறகு பார்த்தால் அணியின் பன்னிரண்டு பேரில் பத்துப் பேருக்கு ஒரு குறைபாடும் கிடையாது. ஒரு பத்திரிகையாளரே உள்ளே புகுந்து ஆடி விஷயத்தை வெளியே கொண்டுவந்தார். பதக்கங்களைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று, நிஜமாகவே குறைபாடு இருந்த இருவரும் சேர்த்துத்தான். அந்தப் பிரிவையே பாராலிம்பிக்கிலிருந்து நிறுத்திவைத்து, 2012 லண்டனில்தான் ஒருசில விளையாட்டுகளில் திரும்பச் சேர்த்தார்கள். மொத்தத்தையும் யோசித்துப் பாருங்கள், இதைவிடக் கசப்பான காமெடியை யாராலும் எழுத முடியாது.

என் சொந்தக்காரர் பையன் ஒருவன் இருக்கிறான், ஆட்டிசம்தான். ஒரு சாவு வீட்டுக்கு அம்மாவோடு வந்திருந்தான். துக்கத்துக்கு வந்த எல்லோருக்கும் மனதில் ஒரே கேள்விதான், எப்போது எடுப்பார்கள் என்று. யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை, பந்தலில் ஓரமாக நின்று ஒருவர் காதை ஒருவர் கடிப்பார்கள். இவன் நேராகப் போய்ப் பெரியம்மாவிடமே, "எப்போ எடுப்பீங்க?" என்றான். கூடமே வாயடைத்துப் போனது. அவர் அழுகையை நிறுத்தி, "நாலு மணிக்குப்பா" என்றார். சரி என்று வந்து உட்கார்ந்துகொண்டான். மணி நாலானதும் எழுந்து வாசலில் போய் நின்றான். அமரர் ஊர்தி வரவில்லை. "நாலாச்சு, நாலாச்சு" என்று கத்தத் தொடங்கினான். கையைக் கடித்துக்கொண்டான். பாதிப் பேர் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். பாதிப் பேர் அவன் அம்மாவை முறைத்தார்கள். ஒரு பெரியவர், "இவனையெல்லாம் ஏம்மா கூட்டிட்டு வர்றே?" என்று கேட்டே விட்டார்.

அந்தச் சிரிப்பில் எனக்கு ஆட்சேபம் இல்லை. நாங்கள் அத்தனை பேரும் மென்று முழுங்கிக்கொண்டிருந்ததை அவன் கேட்டுவிட்டான், எங்கள் குட்டு வெளிப்பட்டது, அதனால் சிரிப்பு வந்தது. ஆனால் நான் சொல்லவந்தது நாலு மணிக்குப் பிறகு நடந்ததை. காமெடிப் படங்கள் பெரும்பாலும் "எப்போ எடுப்பீங்க?"வோடு கட் செய்துவிடும். கையைக் கடித்துக்கொள்வது வராது. அம்மாவை முறைத்த முகங்களும் வராது.

இரண்டும் வருகிற ஒரு காமெடி உண்டு. 2019இல் கான் திரைவிழாவின் நிறைவுப் படமாகப் போட்ட பிரெஞ்சுப் படம், 'ஓர் நோர்ம்'. ஆங்கிலத்தில் 'தி ஸ்பெஷல்ஸ்'. இயக்கியவர்கள் டோலெடானோ, நகாஷ் இருவரும். நாகார்ஜுனாவும் கார்த்தியும் நடித்த நம் 'தோழா'வின் மூலப் படம் இவர்களுடையதுதான். வேறு எந்த விடுதியும் சேர்த்துக்கொள்ளாத, கடுமையான ஆட்டிசம் உள்ளவர்களை வைத்துப் பார்த்துக்கொள்ளும் புரூனோ என்கிற யூதரும், அவருக்குத் துணையாகப் பாரிஸ் புறநகர்ப் பையன்களை வேலைக்குப் பழக்கும் ஒரு முஸ்லிமும் கதை நாயகர்கள். இருவருக்கும் நிஜத்தில் ஆள் உண்டு, ஸ்டெஃபான் பெனாமு, தாவூத் தாத்து.

அதில் ஜோசப் என்று ஒருவன். நடித்த பெஞ்சமின் லெசியூருக்கும் ஆட்டிசம். மெட்ரோ ரயிலில் ஏறினால் அபாயச் சங்கிலியை இழுக்காமல் அவனால் இருக்க முடியாது. இழுப்பான், ரயில் நிற்கும், காவலர்கள் பிடித்துவைப்பார்கள், புரூனோ ஓடிவருவார். திட்டமாட்டார். எந்த இடம் வரை இழுக்காமல் வந்தான் என்று பார்ப்பார். "கிட்ட வந்துட்டோம்" என்பதுதான் அவருடைய பாட்டு. அதே காட்சி திரும்பத் திரும்ப வருகிறது, ஒவ்வொரு தடவையும் சிரிப்பு வருகிறது. கொஞ்ச நேரத்தில் நாமும் நிலையங்களை எண்ண ஆரம்பித்துவிடுகிறோம். தெரபியில் 'இம்ப்ரூவ்மென்ட்' என்று சொல்வது வீட்டில் எப்படி இருக்கும் என்று இதைவிடத் துல்லியமாகத் திரையில் நான் பார்த்ததில்லை. இந்தப் படத்தில் எலி கிடையாது.

வாஷிங் மெஷின் என்றால் ஜோசப்புக்கு உயிர். அலைந்து திரிந்து அவனை அது பழுதுபார்க்கும் இடத்தில் வேலை பழக விடுகிறார் புரூனோ. அங்கே கூட வேலை செய்யும் பெண்ணின் தோளில் தலை சாய்த்துக்கொள்கிறான், அவளைவிட்டு நகரமாட்டேன் என்கிறான். சிக்கலாகிறது, வேலை நிலைக்கவில்லை. அந்தப் பெண்ணையும் படம் கெட்டவளாக்கவில்லை, ஜோசப்பையும் பால்மணம் மாறாத பிள்ளையாக்கவில்லை. பதினாறு வயதுப் பையனின் அப்பாவுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. நம் படங்கள் இந்தப் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை. 'பர்ஃபி' காதல் வரை போனது, அதையும் ஒரு தேவதைக் கதையாக்கித்தான்.

இன்னொருவன் வாலன்டின். தலையை முட்டிக்கொள்வான், அதனால் எப்போதும் தலைக்கவசம். அவனை வைத்துப் படம் ஒரு ஜோக்கும் அடிக்கவில்லை. யாரை வைத்துச் சிரிக்கவைக்கலாம், எங்கே கேமராவைச் சும்மா வைத்துவிட்டு நிற்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் எடுத்த படம். சிரிப்பில் பாதி புரூனோவின் பாடு. அவருக்குப் பெண் பார்த்துவைத்திருப்பார்கள், அந்தச் சந்திப்புக்குப் போய் உட்கார்ந்ததும் போன் அடிக்கும்.

நீங்கள் கேட்டதை நம் உச்ச நீதிமன்றமும் தொட்டிருக்கிறது. 'ஆங்க் மிச்சோலி' என்கிற இந்தி காமெடிப் படத்தின்மேல் மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்காகப் போராடும் நிபுண் மல்ஹோத்ரா தொடுத்த வழக்கில் 2024 ஜூலையில் வந்த தீர்ப்பு. மாற்றுத்திறனாளிகளை மட்டம் தட்டும் நகைச்சுவை வேறு, அவர்களைப் பற்றிய நம் அசட்டு எண்ணங்களை ஆட்டிப்பார்க்கும் நகைச்சுவை வேறு என்று பிரித்துச் சொன்னார்கள். நல்ல பிரிவினைதான். 'சிதாரே' சந்தேகமில்லாமல் இரண்டாவது வகை. ஆனால் மட்டம் தட்டாமலே ஒருவரை ஆள் இல்லாமல் ஆக்கிவிடலாம், மேலே தூக்கி வைத்து. அதற்குச் சட்டத்தில் வழியில்லை, இருக்கவும் கூடாது. அதை எழுதுகிறவர்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். நடிக்கப் பத்துப் பேரைக் கூப்பிட்டவர்கள், கதை எழுதும் மேஜைக்கும் இரண்டு பேரைக் கூப்பிட்டு உட்காரவைத்துக்கொள்ளலாம்.

உங்கள் மைத்துனரைக் கோபித்துக்கொள்ள வேண்டாம். நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். தெய்வம் என்று சொல்வதில் ஒரு சௌகரியம் இருக்கிறது, அவ்வளவுதான். தெய்வத்துக்கு யூ.டி.ஐ.டி. கார்டு (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) வாங்க அலைய வேண்டாம், ஸ்பெஷல் ஸ்கூல் ஃபீஸ் கட்ட வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் கூட இருந்து பார்த்துக்கொள்ளவும் வேண்டாம். அடுத்த தடவை அப்படிச் சொன்னால், "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஃப்ரீயா மாப்ளே? இவனைப் பாத்துக்க, நானும் உங்க அக்காவும் வெளியே போயிட்டு வர்றோம்" என்று கேட்டுப்பாருங்கள். வந்தாலும் வருவார்.

அன்றைக்கு வீட்டில் உட்கார்ந்து 'ஓர் நோர்ம்' பாருங்கள் என்று சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் வெளியே போய்விட்டு வருவது அதைவிட நல்லது. படத்தை இன்னொரு நாள் இரவில், பையன் தூங்கிய பிறகு போட்டுக்கொள்ளுங்கள். வாலன்டின் வருகிற காட்சிகளை முதல் தடவை நீங்கள் இருவரும் மட்டும் பார்ப்பது நல்லது.

அன்புடன்