வேவ் ஆக்கினால் தரம் கூடுமா?

கேள்வி: ஒலியியல் ஆய்வுக்காக நான் எடுத்த நேர்காணல்கள் எல்லாம் எம்பி3 கோப்புகள். 16 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், மோனோ (ஒற்றைத் தடம்), வேவ் வடிவத்தில் வேண்டும் என்கிறார் என் வழிகாட்டி. மாற்றினேன், கோப்பு நான்கு மடங்கு பெருத்துவிட்டது. தரமும் கூடியிருக்குமா?
– ஆய்வு மாணவி ஒருவர்

பதில்: கூடியிருக்காது. காதுக்கு எட்டாது என்று தான் கருதும் ஒலிகளை எம்பி3 கழித்துவிடுகிறது. கழித்தது போனதுதான், வேவ் அதை மீட்டுத் தராது. கோப்பு பெருத்தது வெறும் கணக்கு. நொடிக்கு 16,000 மாதிரி (ஒலியை அளந்து எடுத்த புள்ளி), ஒவ்வொன்றுக்கும் 2 பைட், ஆக 32,000 பைட். உங்கள் எம்பி3 நொடிக்கு 64 கிலோபிட்டில் பதிவாகியிருக்க வேண்டும். அது 8,000 பைட். நான்கு மடங்கு சரியாக வந்துவிட்டது.

பிறகு எதற்காக மாற்றச் சொல்கிறார்? என்னைக் கேட்டால், முதல் காரணம் நேரக்கணக்கு. எம்பி3 ஆக்கும்போதும் அதைப் பிரிக்கும்போதும் ஒலியின் தொடக்கத்தில் சிறிது வெற்றிடம் சேர்ந்துவிடுகிறது. பரவலாகப் புழங்கும் லேம் மென்பொருளின் வழக்கமான அமைப்பில் அது மொத்தம் 1,105 மாதிரி, 44.1 கிலோஹெர்ட்ஸில் 25 மில்லிநொடி. பாட்டுக் கேட்பவர் இதைப் பொருட்படுத்த மாட்டார். ‘ப’, ‘த’ வெடிக்கும் கணத்தைக் குறிக்கும் உங்களுக்கு இது பெரிய தூரம். ஒரு மென்பொருள் அந்த வெற்றிடத்தை வெட்டிவிடும், இன்னொன்று அப்படியே விட்டுவிடும். எனவே எம்பி3-யின் மேல் குறித்த எல்லைகள் வேறு மென்பொருளில் இடம் மாறி நிற்கும். முதலில் வேவ் ஆக்குங்கள், அதன்பிறகே குறியுங்கள். வரிசையை மாற்றிச் செய்துவிட்டுப் பிராட் என்ற ஒலி ஆய்வு மென்பொருளைத் திட்டுகிறவர்களுக்கு எனக்கு அனுதாபம் கிடையாது.

மாற்றுவதற்கு எஃப்எஃப்எம்பெக் அல்லது சாக்ஸ் போதும், இரண்டும் இலவசம். மோனோ ஆக்கும் இடத்தில் மட்டும் நிதானியுங்கள். பேட்டி கண்டவர் ஒரு தடத்திலும் பேசியவர் மறு தடத்திலும் இருந்தால் இரண்டையும் கலக்கக் கூடாது. பேசியவரின் தடத்தைத் தனியே எடுங்கள். இரைச்சல் நீக்கம், ஒலிச்சமன் எதையும் இந்தக் கட்டத்தில் தொடாதீர்கள். மூல எம்பி3-யையும் அழித்துவிடாதீர்கள்.

எதை அளக்கப் போகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. சுருதி, உயிரொலிகளின் முதல் இரண்டு ஃபார்மன்ட் (வாய்க்குழியின் ஒத்ததிர்வால் ஒலி வலுப்பெறும் அதிர்வெண்கள்) என்றால், ஓரளவு நல்ல எம்பி3 பெரும்பாலும் தாங்கும். ‘ழ’வில் மூன்றாம் ஃபார்மன்ட் கீழிறங்குவதையும் பார்க்கலாம். ‘ஸ’, ‘ஷ’ போன்ற உரசொலிகளின் நிறமாலையை அளந்து முடிவு சொல்வதென்றால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அவற்றின் ஆற்றல் உயர் அதிர்வெண்களில் இருக்கிறது. எம்பி3 அதிகம் கைவைப்பதும் அங்கேதான். தொலைபேசி அழைப்பில் 8 கிலோஹெர்ட்ஸில் பதிவானது எதுவும் உங்களிடம் இருந்தால், அதை 16-க்கு ஏற்றினாலும் 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஒன்றும் முளைக்காது. அடுத்த முறை நேரடியாக வேவ் அல்லது இழப்பில்லாமல் சுருக்கும் ஃப்ளாக் வடிவத்தில் பதியுங்கள்.

கேள்வி: டிமிட் என்ற பேச்சுத் தொகுப்பு கிடைத்தது. எல்லாம் வேவ் கோப்புகள் என்றுதான் பெயர் காட்டுகிறது. ஒன்றுகூடத் திறக்கவில்லையே?
– கணினி மொழியியல் மாணவர்

பதில்: பெயர்தான் வேவ், உள்ளே இருப்பது அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் வகுத்த ஸ்ஃபியர் என்ற ஒலிக்கோப்பு வடிவம். கோப்பைச் சாதாரண எழுத்துத் திருத்தியில் திறந்து பாருங்கள். வழக்கமான வேவ் ‘ரிஃப்’ என்ற எழுத்துகளுடன் தொடங்கும். இது ‘நிஸ்ட்’ என்று தொடங்கும். முதல் 1,024 பைட் தலைப்பு முழுவதும் படிக்கக்கூடிய எழுத்து. மாதிரி வீதம், மாதிரிகளின் எண்ணிக்கை எல்லாம் அதிலேயே இருக்கும். பார்த்துவிட்டுச் சேமிக்காமல் மூடிவிடுங்கள். பிராட் இதை நேரடியாகவே திறக்கும், சாக்ஸ் கொண்டு உண்மையான வேவாகவும் மாற்றலாம். வேறு சில தொகுப்புகளில் ஸ்ஃபியருக்குள் ‘ஷார்ட்டன்’ என்ற இழப்பில்லாச் சுருக்கமும் இருக்கும். சாக்ஸ் அங்கே கைவிரித்தால் எஸ்பிஎச்2பைப் என்ற சிறு நிரலைத் தேடுங்கள்.