பழைய கார் கேள்வி-பதில்: ஊற்றுகிற ஆயில் எங்கே போகிறது?

கேள்வி (திருமங்கலம் வாசகர்): அண்ணே, அப்பா வாங்கிய மார்க் 4 பெட்ரோல் அம்பாசடரை இன்னும் ஓட்டுகிறேன். 500 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் ஆயில் ஊற்ற வேண்டியிருக்கிறது. காலையில் ஸ்டார்ட் பண்ணினால் நீலமாகப் புகை தள்ளும், கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். இன்ஜினை இறக்கி, சிலிண்டரைக் கடைந்து (போர் பண்ணி), பிஸ்டன், ரிங் எல்லாம் மாற்றணும் என்கிறார் மெக்கானிக். செய்துவிடலாமா?

பதில்: பொறுங்கள், அவசரப்பட்டு இன்ஜினை இறக்கவேண்டாம். ராத்திரி முழுக்க நின்ற வண்டி காலையில் மட்டும் நீலப் புகை விட்டு அப்புறம் சுத்தமாகிவிடுகிறது என்றால், எனக்கு முதல் சந்தேகம் ரிங் மேல் இல்லை, வால்வு சீல் மேல்தான். உங்கள் வண்டியில் இருப்பது 1489 சிசி பி சீரிஸ் இன்ஜின் (இங்கிலாந்தில் 1955இல் வந்த எம்.ஜி.ஏ. ஸ்போர்ட்ஸ் காருக்கும் இதே வம்சம்தான், பெருமைப்பட்டுக்கொள்ளலாம்). இதில் வால்வு தண்டில் சின்ன ரப்பர் வளையம்தான் சீல். சூட்டில் வெந்து வெந்து அது கல்லாகிவிடும், வண்டி நின்ற பிறகு ஹெட் மேல் தேங்கிய ஆயில், வால்வு தண்டு ஏறி இறங்கும் குழாயான கைடு வழியாக மெல்ல இறங்கிக் காத்திருக்கும், காலையில் அதுதான் எரிகிறது.

இதை உறுதிப்படுத்த ஒரு வழி இருக்கிறது. இதற்காகக் கொடைக்கானல் வரை போகவேண்டாம், ஆண்டிபட்டி கணவாய் இறக்கமே போதும். கியரைப் போட்டபடி ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு இறங்குங்கள், சமதளம் வந்ததும் நன்றாக மிதியுங்கள், பின்னால் இன்னொரு வண்டியில் யாரையாவது வரச் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். மிதித்தவுடன் குபீரென்று நீலமாகக் கிளம்பி அடங்கினால் கைடும் சீலும்தான், ஏனென்றால் ஆக்சிலேட்டரை விட்ட நிலையில், இன்ஜினுக்குள் காற்று போகும் குழாயான மேனிஃபோல்டில் வெற்றிடம் அதிகமாகி கைடு வழியே ஆயிலை உறிஞ்சும். மாறாக, மேட்டில் இழுக்கும்போதெல்லாம் விடாமல் புகைந்தால் மெக்கானிக் சொன்னதில் விஷயம் இருக்கிறது.

அப்போதும், பிளக் ஓட்டையில் மீட்டர் வைத்து சிலிண்டர் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுக்காமல் போருக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். இன்ஜின் சூடாக இருக்கணும், நாலு பிளக்கையும் கழற்றிவிட்டு ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்தபடி செல்ஃப் அடிக்கணும். நாலு சிலிண்டரும் கிட்டத்தட்ட ஒரே அளவு காட்டுகிறதா என்பதுதான் முக்கியம். ஒன்று மட்டும் குறைந்தால் அதில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங் அல்லது போர் தேய்மானம், ஏறவில்லை என்றால் வால்வு உட்காரவில்லை, இல்லை ஹெட் கேஸ்கெட். ஆனால் ஒன்று, அளவு நன்றாக வந்துவிட்டது என்பதற்காக ரிங் எல்லாம் சுத்தம் என்று முடிவு கட்டமுடியாது. கம்ப்ரஷனைப் பிடிப்பது மேல் ரிங்குகள், ஆயிலை வழிப்பது கீழே இருக்கும் ஆயில் ரிங். அது கார்பன் பிடித்து இறுகியிருந்தாலும் மீட்டர் நல்லபடியாகவே காட்டும். அதனால் கழற்றிய பிளக்குகளையும் பாருங்கள், எது ஈரமாகக் கறுத்திருக்கிறதோ அந்த சிலிண்டர்தான் குடிக்கிறது.

சரி, 500 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் என்பது காலைப் புகைக்கு மட்டும் அதிகம். அதனால் ஒழுகலையும் சந்தேகப்படுகிறேன். ராத்திரி வண்டிக்கு அடியில் தினத்தாள் விரித்து, முன் சக்கரம் எங்கே வருகிறது என்று குறித்து வையுங்கள், சொட்டு எங்கே விழுந்தது என்று காலையில் தெரியும். டேப்பெட் கவர் பேக்கிங், இன்ஜின் பக்கவாட்டில் இருக்கும் இரண்டு சின்ன கவர்கள், டைமிங் கவர் எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் பாருங்கள். கிளட்ச் ஹவுசிங் அடியில் சொட்டினால் பயப்படவேண்டாம். இந்த இன்ஜினில் கிராங்க் பின்பக்கம் ரப்பர் சீலே கிடையாது, மரை மாதிரி வெட்டிய பள்ளம்தான் ஆயிலைத் திருப்பி அனுப்புகிறது, கொஞ்சம் கசிவது அதன் சுபாவம். திடீரென்று அதிகமாகக் கசிந்தால்தான் இன்ஜின் உள்ளே சேரும் வாயுவை வெளியே விடும் பிரீதர் ஹோஸ் அடைத்திருக்கிறதா என்று பார்க்கணும். உள்ளே பிரஷர் ஏறினால் ஆயில் கிடைத்த வழியில் எல்லாம் வெளியேறும்.

சீல் மட்டும்தான் என்றால் ஹெட்டை இறக்காமலேயே மாற்றலாம். பிளக் ஓட்டை வழியாகப் பருத்திக் கயிறைத் திணித்து, பிஸ்டனை மேலே கொண்டுவந்து வால்வைத் தாங்கவைத்து ஸ்பிரிங்கைக் கழற்றுவார்கள். அப்போதே வால்வை ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், லொடலொடவென்று ஆடினால் கைடும் போய்விட்டது, அப்போது ஹெட்டை இறக்கி லேத்துக்குக் கொடுக்கத்தான் வேண்டும்.

கேள்வி (காரைக்குடி வாசகர்): என் பத்மினி கார் வெகுகாலம் ஷெட்டிலேயே நின்றது. இப்போது எடுத்தால் எப்போதும் புகை. ரிங் போய்விட்டதா?

பதில்: போயிருக்காது, ஒட்டிக்கொண்டிருக்கலாம். பிளக்கைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் டீசலும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு ஊற்றும் ஏடிஎஃப் ஆயிலும் கலந்து விட்டு இரண்டு நாள் ஊறவிடுங்கள். பிளக்கைத் திருப்பிப் போடாமல் செல்ஃப் அடித்து அதை வெளியேற்றியாகணும், மறந்தீர்களோ கனெக்டிங் ராடே வளைந்துவிடும். பழைய ஆயிலை வடித்துவிட்டுப் புதியது ஊற்றி, சிவகங்கை வரை நன்றாக மிதித்து ஓட்டிவிட்டு வந்து சொல்லுங்கள். 20டபிள்யூ-50 என்ற கெட்டியான ஆயிலைப் போடுங்கள். புதுக் காருக்கான 5டபிள்யூ-30 இதற்கு ரொம்ப மெல்லிசு.

கேள்வி (மேலூர் வாசகர்): எனக்கு நேர்மாறு. என் பத்மினியில் ஆயில் குறையவே இல்லை, டிப்ஸ்டிக்கில் அளவு ஏறுகிறது!

பதில்: சந்தோஷப்படாதீர்கள். டிப்ஸ்டிக்கை மோந்து பாருங்கள். பெட்ரோல் வாடை வந்தால் ஃபியூயல் பம்பு உள்ளே இருக்கும் சவ்வு (டயஃப்ரம்) கிழிந்து பெட்ரோல் ஆயிலில் இறங்குகிறது என்று அர்த்தம். தண்ணியான ஆயிலில் பேரிங் தேயும். பம்பையும் ஆயிலையும் மாற்றும்வரை வண்டியை எடுக்காதீர்கள்.