வாள் பள்ளியில் கம்புக்கு என்ன வேலை?

அன்புள்ள ஐயா,

ஜப்பானிய வாள்கலை பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, கதோரி ஷின்டோ ரியூ பள்ளியின் காணொளிகள் சிலவற்றைப் பார்த்தேன். ஏமாற்றம்தான். இரண்டு பேர் மரவாளால் மரவாளைத் தட்டிக்கொண்டே இருக்கிறார்கள். உடம்பைக் குறிவைப்பதாகவே தெரியவில்லை. கோலாட்டம் மாதிரி இருக்கிறது. போதாததற்குக் கம்பு, ஈட்டி வேறு. வாளுக்குப் பெயர்போன பள்ளியில் இதெல்லாம் எதற்கு?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் கண்ணில் கோளாறு இல்லை. வெளியாள் பார்த்தால் அப்படித்தான் தெரியவேண்டும் என்று அமைத்த கட்டாக்கள் அவை. கட்டா என்றால் இருவர் சேர்ந்து செய்யும், அசைவுகளை முன்கூட்டியே வகுத்துவைத்த பயிற்சி வரிசை. பயிற்சியில் இருவரும் நிஜச் சண்டைக்குரிய இடைவெளியைவிடச் சற்றுத் தள்ளி நிற்பார்கள். அதனால் மணிக்கட்டில் இறங்கவேண்டிய வெட்டு எதிராளியின் வாளில் போய் முட்டுகிறது. நன்றாகப் பழகிய மாணவனுக்கு ஆசிரியர் இதைப் பிரித்துக் காட்டுவார். அசைவு அதேதான், ஆனால் கொஞ்சம் நெருங்கி. வாள் வாளைத் தொடாமல் நேராக முன்கையின் உட்புறத்துக்குப் போகும். நீங்கள் கேட்ட 'டக்' சத்தங்களில் பலவும் இப்படி ஒளித்துவைத்த வெட்டுகள்தான். இதனால் காயமில்லாமல் முழு வேகத்தில் பழகலாம், வேலிக்கு வெளியே நிற்பவன் திருடவும் முடியாது. சேரும்போதே விரலைக் கீறி இரத்தம் வைத்து, பெற்றோர் உடன்பிறந்தாரிடம்கூட இதைச் சொல்லமாட்டேன் என்று உறுதி எழுதிக்கொடுக்கும் பள்ளி அது.

வெட்டு விழும் இடங்களையும் பாருங்கள். கழுத்தின் பக்கவாட்டு, அக்குள், மணிக்கட்டின் உள்பக்கம், தொடையின் உள்பக்கம். எல்லாம் கவசம் மூடாத இடங்கள். இயிசாசா சோய்சாய் இந்தப் பள்ளியைத் தொடங்கியது 15ஆம் நூற்றாண்டில், இன்றைய சிபா மாநிலத்தில் உள்ள கதோரி ஆலயத்தை ஒட்டி. போர்க்களம்தான் அன்றைய கணக்கு. வாளைத் தலைக்கு நேர் மேலே தூக்காமல் பக்கவாட்டில் சுழற்றி எடுப்பதற்கும் தலைக்கவசம் இடிக்கும் என்பதைத்தான் காரணமாகச் சொல்கிறார்கள்.

சரி, கம்புக்கு வருவோம். போர்க்களத்தில் எதிரே வருபவன் வாளோடுதான் வருவான் என்று யார் சொன்னது? முதலில் வாளுக்கு வாள், 'ஒமோதே நோ தாச்சி' என்ற 4 கட்டாக்கள். அதிலேயே நெடுங்காலம் ஊறவேண்டும். பிறகு ஆறடிக் கம்பு, நகினாதா என்னும் நீண்ட பிடிவைத்த வளைகத்தி, ஈட்டி. இவை எல்லாவற்றிலும் கற்பவர் கையில்தான் அந்த ஆயுதம் இருக்கும். எதிரே மூத்தவர் நிற்பார், வாளோடு.

இந்த ஏற்பாட்டில்தான் விஷயமே இருக்கிறது என்பது என் எண்ணம். கம்புக்காரனுக்கு இரண்டு முனையும் ஆயுதம். ஒன்றைத் தட்டிவிட்டால் மற்றது முழங்காலுக்குக் கீழே வந்துகொண்டிருக்கும். ஒரு கட்டாவின் பெயரே 'சுனே ஹிஷிகி', அதாவது கால் எலும்பை நொறுக்குவது. கம்பைப் பிடித்து இதையெல்லாம் செய்து பழகியவனுக்கு, அது எங்கிருந்து எப்போது வரும், எந்த இடத்தில் அதன் வீச்சு செத்துப்போகும் என்பதெல்லாம் கைக்கே தெரிந்துவிடும். ஆண்டுகள் கழித்து அவனே வாள் பக்கம் வந்து நிற்பான், இன்னொருவனுக்குக் கற்றுக்கொடுக்க. அப்போதுதான் வாள் பாடம் முழுமையாகிறது. கம்பு வித்வான்களை உருவாக்குவது அங்கே நோக்கமாக எனக்குத் தெரியவில்லை.

அடுத்த முறை பார்க்கும்போது கம்பை விட்டுவிட்டு, வாளோடு நிற்பவரைக் கவனியுங்கள். கடைசியில் தோற்பவர் அவர்தான். ஆனால் வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும், எந்த இடத்தில் எதிராளி அடிக்க வழிவிடுவது என்பதும் அவர் கையில். அப்புறம், மின்னல் வேகக் காணொளிகளைப் பார்த்து மயங்கவேண்டாம். மெதுவாகச் செய்கிற ஒன்றைத் தேடிப் பாருங்கள். இடைவெளி விஷயம் அதில்தான் பிடிபடும்.