காரைக்குடிக்கு வந்தால் சம்பளம் குறையணுமா? கேள்வி பதில்

மென்பொருள் கம்பெனிகளில் யாருக்கு எவ்வளவு சம்பளம் என்று நிர்ணயிக்கிறதுதான் என் வேலை. இப்போது தேவகோட்டை வீட்டில் இருந்தே பார்க்கிறேன். வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்களுக்கு ஊரைப் பார்த்துச் சம்பளம் போடலாமா என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள்.

அக்கா, சென்னையிலிருந்து காரைக்குடிக்கு வந்துட்டேன். அதே டீம், அதே வேலை. "அங்கே செலவு கம்மிதானே" என்று ஹெச்ஆர் சம்பளத்தைக் குறைக்கப் பார்க்கிறார்கள். நியாயமா?

நியாயம் இல்லை தம்பி, சொல்கிற காரணமும் உண்மை இல்லை. உங்கள் மளிகை பில்லைப் பார்த்து எந்தக் கம்பெனியும் சம்பளம் போடுவதில்லை, அப்படிப் போட்டால் மூணு பிள்ளை உள்ளவருக்குக் கூட்டியும் கல்யாணம் ஆகாதவருக்குக் குறைத்தும் அல்லவா தரணும்? அந்த ஊரில் வேறு யார் எவ்வளவு கொடுத்து உங்களை இழுப்பார்கள் என்பதுதான் கணக்கு. ஆனால் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிற ஆளை பெங்களூர்க் கம்பெனியும் இழுக்கலாமே. அதனால் செலவுப் பேச்சுக்கே போகாதீர்கள். வெளி ஆஃபர் இருந்தால் அதை வைத்துப் பேசுங்கள்.

வெளிநாட்டுக் கம்பெனிகள் என்ன செய்கின்றன?

ரெண்டு மாதிரியும் உண்டு. ஊர் மாறினால் சம்பளமும் மாறும் என்று ஃபேஸ்புக் 2020 மே மாதம் சொன்னது. அதே வருஷம் அக்டோபரில் ரெடிட், அமெரிக்காவுக்குள் எங்கே இருந்தாலும் ஒரே அளவு என்றது. 2022-ல் ஏர்பிஎன்பியும் அப்படித்தான், ஆனால் ஒரு நாட்டுக்குள் மட்டும். நாடு தாண்டினால் தாராளம் எல்லாம் காணாமல் போய்விடும்.

அப்போ எதுதான் சரியான முறை ஆச்சி?

நம்ம காரைக்குடி சிக்ரியை, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தைப் பாருங்கள். அங்கே இருக்கிற விஞ்ஞானிக்கும், சென்னை அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தில் அதே படிநிலையில் இருக்கிறவருக்கும் அடிப்படைச் சம்பளம் ஒன்றுதான். வீட்டு வாடகைப்படிதான் வேறு: 2024 முதல் சென்னைக்கு 30 சதவீதம், காரைக்குடிக்கு 10. ஊர் தொடவேண்டியது படியை மட்டும், அடிப்படையை இல்லை. இது சும்மா கொள்கைப் பேச்சு இல்லை. வேலையை விடும்போது தருகிற பணிக்கொடையான கிராஜுவிட்டிக்குக் கணக்கே பெரும்பாலும் கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தை வைத்துத்தான்: அதில் 26-ல் 15 பங்கு, அதைச் சேவை வருஷத்தால் பெருக்குவார்கள். ஆக, சென்னையில் பத்து வருஷம் உழைத்துவிட்டுக் கடைசி வருஷம் இங்கே வந்து அடிப்படையைக் குறைத்துக்கொண்டால், அந்தப் பத்து வருஷத்துக்கும் சேர்த்துத்தான் அடி விழும். வேறு வழியே இல்லை, குறைத்துத்தான் ஆகணும் என்றால் படியில் குறைக்கச் சொல்லுங்கள்.

கானாடுகாத்தானில் அப்பா பேரில் உள்ள வீட்டில் இருக்கிறேன். வாடகைப்படிக்கு வரிவிலக்கு வருமா?

பழைய வரி முறையில் இருந்தால், அப்பாவுக்கு நிஜமாகவே வாடகை கொடுத்தால், அதை அவர் வருமானமாகக் காட்டினால் வரும். பேங்க் வழியாகக் கொடுங்கள். புதிய முறையில் இந்த விலக்கே கிடையாது.

கம்பெனிக்குச் சொல்லாமல் சென்னை முகவரியையே வைத்துக்கொண்டால்?

வேண்டாம். லேப்டாப் எங்கிருந்து லாகின் ஆகிறது என்பது ஐடி டீமுக்குத் தெரியும். சம்பளத் தகராறு நம்பிக்கைத் துரோகம் என்ற கணக்கில் போய் நிற்கும்.

நான் சின்னக் கம்பெனி நடத்துகிறேன். பள்ளத்தூர் ஆளுக்கும் சென்னைச் சம்பளம் கொடுத்தால் கட்டுபடியாகாது.

உங்களால் முடிகிற சம்பளத்தைச் சொல்லி ஆள் எடுங்கள் ஐயா, அதில் தப்பே இல்லை. சேர்ந்த பிறகு ஊரைக் காட்டிக் குறைக்கிறதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

மாதம் ஒரு நாள் சென்னை ஆபீஸ் வரணுமாம். செலவு யாருடையது?

ஊர் மாறுகிற கடிதத்திலேயே எழுதி வாங்கிவிடுங்கள். காலையில் பல்லவன் ரயிலில் ஏறினாலும் எழும்பூர் சேர மதியம் ஆகிவிடும், கூட்டம் முடிந்து அன்றைக்கே திரும்புவது சிரமம், அப்போ டிக்கெட்டோடு ஒரு ராத்திரி ரூமும் அந்தக் கடிதத்தில் இருக்கணும்.