நாள் தள்ளிப்போனால் எத்தனையாவது நாளில் கர்ப்ப டெஸ்ட் எடுக்கலாம்?

கடலூரிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: மாதவிலக்குத் தேதிக்கு இரண்டு நாள் முன்பே கர்ப்பம் பார்க்கும் கிட் போட்டேன், ஒரே கோடுதான், நம்பலாமா? நம்ப வேண்டாம். கரு கர்ப்பப்பையில் ஒட்டிய பிறகுதான், கிட் கண்டுபிடிக்கும் எச்சிஜி ஹார்மோன் சுரக்கும். ஒட்டுவதற்கே கருமுட்டை வெளியான பின் 6 முதல் 12 நாள் ஆகும். பிறகு இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை அளவு இரட்டிப்பாகும். அதனால் தேதி தள்ளிய மறுநாளிலிருந்து பாருங்கள். ஒரு வாரம் பொறுத்தால் இன்னும் நிச்சயம். மாதவிலக்கு ஒழுங்காக வராதவர்கள், கடைசியாக உறவு கொண்டதிலிருந்து 21 நாள் கழித்துப் பார்க்கலாம்.

காலையில் முதல் சிறுநீர்தான் நல்லது. நம் ஊர் வெயிலுக்கு நாள் முழுக்கத் தண்ணீர் குடிப்போம். சாயங்காலச் சிறுநீர் நீர்த்துப்போய் இருக்கும். கவரை முன்கூட்டியே பிரிக்காதீர்கள், கடற்காற்றின் ஈரம் பட்டால் பட்டை கெடும். பெரும்பாலான கிட்களில் மூன்று சொட்டு சிறுநீர் விட்டு, ஐந்து நிமிடம் பொறுக்க வேண்டும். உங்கள் அட்டையில் போட்டிருப்பதையே பின்பற்றுங்கள். கிட் வேலை செய்கிறது என்று காட்டும் சி (C) கோடு வராவிட்டால் அந்த கிட் செல்லாது. கர்ப்பத்தைக் காட்டும் டி (T) கோடு மங்கலாக இருந்தாலும் கர்ப்பம் என்றே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அரை மணி கழித்துத் தெரியும் சாம்பல் நிறக் கோட்டைக் கணக்கில் சேர்க்காதீர்கள், அது காய்ந்த தடம். குழந்தைப்பேறு சிகிச்சையில் எச்சிஜி ஊசி போட்டிருந்தால் பொய்யாகவே இரண்டு கோடு காட்டும்; டாக்டர் சொன்ன நாள் வரை காத்திருங்கள்.

இப்போது ஒரே கோடு என்றால் மூன்று நாள் கழித்து மறுபடி பாருங்கள். ஒருபக்க அடிவயிற்று வலி, உதிரப்போக்கு, தோள்வலி, மயக்கம் இருந்தால் மட்டும் காத்திருக்கவே கூடாது. கரு, கர்ப்பப்பைக்கு வெளியே கருக்குழாயில் தங்கியிருக்கலாம். உடனே கடலூர் அரசு மருத்துவமனைக்கோ புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்கோ போய்விடுங்கள்.