ரிசல்ட் வந்த ராத்திரி

கேள்வி: தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், வயது 63. இந்த மாதம் 3 லட்சம் ரூபாய் டெபாசிட் முதிர்கிறது. கம்பெனிகளின் காலாண்டு லாப-நட்டக் கணக்கான ரிசல்ட்டுக்கு ஒரு வாரம் முன்னால் இன்ஃபோசிஸ், டிசிஎஸ் பங்குகளை வாங்கி, ரிசல்ட் வந்ததும் விற்றால் 5 சதவீதம் நிச்சயம் என்கிறான் அக்கா மகன். குறித்த விலைக்கு இறங்கினால் தானாக விற்கும் ஸ்டாப் லாஸ் ஆர்டர் போட்டுவிட்டால் பயமே இல்லையாம். இறங்கலாமா?
– வாசகர், கோவில்பட்டி

பதில்: இதே கணக்கைப் போட்டு 2023 ஏப்ரலில் நானும் 60 இன்ஃபோசிஸ் வாங்கினேன், 1,400 ரூபாய் சுமாருக்கு. 13-ம் தேதி வியாழக்கிழமை, சந்தை மூடிய பிறகு ரிசல்ட். லாபத்தை யார் பார்த்தார்கள்? வரும் ஆண்டில் வருமானம் 4 முதல் 7 சதவீதம்தான் வளரும் என்று நிறுவனம் சொன்ன கணிப்பைத்தான் பார்த்தார்கள். அன்று இரவே நியூயார்க்கில் அதன் ஏடிஆர் (அங்கே கைமாறும் அதன் பங்குச் சான்று) சரிந்தது. நம் சந்தைக்கோ மறுநாள் அம்பேத்கர் ஜெயந்தி விடுமுறை. அன்றுதான் சித்திரை ஒன்றும். மாங்காய்ப் பச்சடியில் எனக்கு வேப்பம்பூ மட்டும்தான் தெரிந்தது. பிறகு சனி, ஞாயிறு. மூன்று நாள் விற்க வழியில்லை.

ஸ்டாப் லாஸா? திங்கள் காலை போட்டேன். 1,350-ல் டிரிகர், அதாவது ஆர்டர் விழிக்கும் விலை. 1,345-ல் லிமிட், அதற்குக் கீழே விற்காது. வியாழன் 1,390-ஐ ஒட்டி முடிந்த பங்கு 1,300-க்கும் கீழே திறந்தது. ஆர்டர் விழித்துக்கொண்டது, சரி. 1,345 கொடுத்து வாங்க ஆள் வேண்டுமே! கடைசியில் 1,230-க்குத் தள்ளிவிட்டேன். 10,000 ரூபாய் போச்சு. அன்று பங்கு 9 சதவீதத்துக்கு மேல் இறங்கி முடிந்தது. சந்தை ஓடும்போது விலை படிப்படியாக இறங்கினால்தான் ஸ்டாப் லாஸ் காக்கும். ரிசல்ட் வருவதோ சந்தை மூடிய பிறகு.

ஏறவே ஏறாதா என்றால், ஏறும். 2024 ஜூலை 12 அன்று, ரிசல்ட்டுக்கு மறுநாள், டிசிஎஸ் 6 சதவீதத்துக்கு மேல் ஏறியது. எந்தப் பக்கம் என்பது முதல் நாள் மாலை யாருக்கும் தெரியாது. உங்கள் அக்கா மகனுக்கும்தான்.

அவர் சொல்லும் 5 சதவீதமே கிடைத்தாலும் 15,000 ரூபாய். குறுகிய கால லாபத்துக்கு 2024 ஜூலை 23 முதல் வரி 20 சதவீதம். வரி கட்டும் அளவுக்கு வருமானம் உள்ளவர் என்றால் அதில் 3,000 போகும். வாங்கும்போதும் விற்கும்போதும் 0.1 சதவீதம் எஸ்டிடி என்ற பங்குப் பரிவர்த்தனை வரி வேறு. என் திங்கட்கிழமை உங்களுக்கு வாய்த்து பங்கு 9 சதவீதம் இறங்கினால் 27,000 நட்டம்.

கை துறுதுறுத்தால் 30,000 ரூபாயோடு நிறுத்துங்கள். ரிசல்ட் வந்த மறுநாள் பத்து மணிக்கு மேல், ஆட்டம் கொஞ்சம் அடங்கியபின் வாங்குங்கள். மீதிக்கு மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் இருக்கிறது. நான் இன்ஃபோசிஸில் மாட்டிய அதே ஏப்ரலில்தான் அதன் வட்டியை 8.2 சதவீதம் ஆக்கினார்கள். எந்த கவுன்ட்டர் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?